பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து ஆம்ப்ளிபயர் வாங்காதீர்கள்

போன மாதம் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி தன் பழைய காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். டிக்கியில் ஒரு ஆம்ப்ளிபயர், அதன் மேல் பெரிய எழுத்தில் 4000 வாட்ஸ். "ஏனுங்ணா, இதுல சவுண்ட் பத்தலீங்க, கொஞ்சம் ஏத்துனா கரகரங்குது, 6000 வாட்ஸ்ல ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார். அப்புறம் போகிற போக்கில், ரெண்டு நாளாக வண்டிக்குள் ஏதோ கருகின வாசம் வருவதாகவும் சொன்னார். எனக்குப் பாட்டு மறந்துவிட்டது, முதலில் பானட்டைத் தூக்கினேன்.

பேட்டரியிலிருந்து பின்னால் போகும் சிவப்பு ஒயரில் பியூஸே இல்லை. ஒயர் பார்வைக்கு விரல் மொத்தம் இருந்தது, வெட்டிப் பார்த்தால் முக்கால்வாசி ரப்பர், உள்ளே கொஞ்சம் இழை, அந்த இழையும் செம்பு பூசின அலுமினியம். டிரைவர் பக்கக் கதவோரம் தகரத்தில் உரசி ரப்பர் இளகிப் போயிருந்தது. அது முழுசாக அறுந்து பாடியில் பட்டிருந்தால் பேட்டரியில் இருக்கும் மொத்த கரண்ட்டும் அந்த ஒயர் வழியாகப் பாயும், தடுக்க நடுவில் ஒன்றும் இல்லை. கார் பற்றி எரிய அது போதும்.

சரி, அந்த 4000 வாட்ஸுக்கு வருவோம். கணக்கு ரொம்பச் சின்னது. என்ஜின் ஓடும்போது வண்டியில் சுமார் 14 வோல்ட் இருக்கும். 4000 வாட்ஸ் வேண்டுமென்றால், ஒரு துளி வீணாகாவிட்டாலும் 285 ஆம்பியர் இழுக்க வேண்டும். சின்னக் கார்களில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் நூறு ஆம்பியருக்குள்தான் கொடுக்கும், அதிலேயேதான் ஹெட்லைட், ஏசி, மற்றதெல்லாம் ஓடியாக வேண்டும். அந்த ஆம்ப்ளிபயரின் பின்பக்கத்தைப் பார்த்தால் ஒரே ஒரு 30 ஆம்பியர் பியூஸ். 30ஐ 14ஆல் பெருக்கினால் 420 வாட்ஸ், ஏபி கிளாஸ் என்ற வகை சர்க்யூட் என்பதால் அதில் பாதிக்குப் பக்கம் சூடாகப் போய்விடும். மிச்சம் 200 சொச்சம், நாலு சேனலுக்கு, அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் நாலு வழிக்குப் பிரித்தால் தலைக்கு 50 வாட்ஸ். டி கிளாஸ் என்ற இன்னொரு வகையாக இருந்தால் வீணாவது குறைவு, இதே பியூஸில் மொத்தம் 330 வரை எதிர்பார்க்கலாம். கடையில் எந்த ஆம்ப்ளிபயரைக் காட்டினாலும் முதலில் அதன் பியூஸைப் பாருங்கள்.

அப்புறம் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள், எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை) என்றும் சேர்த்துக் கேளுங்கள். மேக்ஸ், பீக் என்று போட்டிருப்பதை விட்டுவிடலாம். சிஇஏ-2006 என்ற அமெரிக்க அளவு முறைப்படி என்று குறித்திருந்தால் நல்லது: 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், ஒரு சதவீதத்துக்கு மேல் சத்தம் சிதையாமல் அளந்த எண் அது.

சேனலுக்கு 50 வாட்ஸ் பத்துமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகப் பத்தும். வண்டியோடு வரும் ஸ்டீரியோவில் '50 இன்ட்டு 4' என்று போட்டிருந்தாலும் உண்மையில் கிடைப்பது 20 வாட்ஸ் சுமாருக்குத்தான். வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும், அதனால் 50க்கும் 60க்கும் காதுக்கு வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது, அதற்காகக் கூடுதலாகப் பணம் கொடுப்பது வீண். அதைவிட 87 டெசிபல் சென்சிடிவிட்டி (அதே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 90 உள்ளதை வாங்கினால் வாட்ஸை இரட்டிப்பாக்கின பலன் அப்படியே கிடைக்கும்.

கையில் காசு குறைவு, கனத்த பேஸ் சத்தத்துக்கு வூஃபரும் வேண்டும் என்றால் என் யோசனை ஒரே ஒரு நாலு சேனல் ஆம்ப்ளிபயர்தான். முன் கதவு ஸ்பீக்கர்களுக்கு இரண்டு சேனல், மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, ஒரு பத்து இன்ச் வூஃபருக்கு. பின் கதவு ஸ்பீக்கர்கள் ஸ்டீரியோவிலேயே ஓடட்டும். பிரிட்ஜ் செய்யும்போது வூஃபர் 4 ஓமாக இருக்க வேண்டும், 2 ஓம் மாட்டினால் இந்த விலை ஆம்ப்ளிபயர்களில் பெரும்பாலானவை தாங்காது. கம்பெனி ஸ்டீரியோவை மாற்றப் போவதில்லை என்றால் அதன் ஸ்பீக்கர் ஒயரையே நேராக வாங்கிக்கொள்ளும் ஹை லெவல் இன்புட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒயரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், அது செம்பில் அறுபது சதவீதம் அளவுக்குத்தான் கரண்ட் கடத்தும். 30 ஆம்பியருக்கு 8 கேஜ் மொத்தமுள்ள சுத்தச் செம்பு ஒயர் போதும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருந்தே ஆக வேண்டும், அந்த பியூஸ் ஆம்ப்ளிபயருக்காக இல்லை, ஒயருக்காக. தகரத்தில் ஒயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடச் சொல்லுங்கள். எர்த் ஒயரைக் குட்டையாக வைத்து, பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகரத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் கட்டவே கூடாது.

அந்தத் தம்பிக்கு நான் புது ஆம்ப்ளிபயர் எதுவும் விற்கவில்லை. செம்பு ஒயர், பியூஸ், சரியான எர்த், இவ்வளவுதான் மாற்றினேன். கெயினை யாரோ கடைசி வரைக்கும் திருகி வைத்திருந்தார்கள், அதை வால்யூம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிபயரை ஒத்துப்போக வைக்கும் திருகு. அதைக் குறைத்து, கதவு ஸ்பீக்கர்களுக்குக் கனத்த கீழ்ச் சத்தம் போகாமல் தடுக்கும் ஹை பாஸை 80 ஹெர்ட்ஸில் வைத்ததும் கரகரப்பு நின்றது. ஒரு பக்க ட்வீட்டர் (மெல்லிய கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) ஏற்கெனவே கருகியிருந்தது, அதை மட்டும் மாற்ற வேண்டி வந்தது. அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் பாட விட்டு பியூஸ் ஹோல்டரையும் ஒயரையும் அவரையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "சூடே இல்லீங்ணா" என்றார்.