டெஸ்க்டாப் பொட்டுன்னு ஆஃப் ஆகுதா? எப்படி ஆஃப் ஆகுதுன்னு முதல்ல பாருங்க

வேலை செஞ்சிட்டு இருக்கும்போதே கம்ப்யூட்டர் பொட்டுன்னு அணைஞ்சா நிறைய பேர் உடனே விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ண உக்காந்துடறாங்க, தயவுசெஞ்சு அதை கடைசிக்கு வைங்க. நீல ஸ்கிரீன் வந்து தானா ரீஸ்டார்ட் ஆச்சுன்னா ராம், டிரைவர் பக்கம் தேடணும், அது தனி கதை. ஆனா ஃபேன், லைட் எல்லாம் ஒரே நொடியில செத்துப்போச்சுன்னா பெரும்பாலும் உள்ள இருக்கற ஏதோ ஒரு பாதுகாப்பு சர்க்யூட் வேணும்னேதான் கரண்டை வெட்டியிருக்கும். வெட்டினது யாருன்னு கண்டுபிடிக்கறதுதான் நம்ம வேலை.

விண்டோஸ் தன் எர்ரர்களை பதிவு பண்ணி வைக்கற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு ஒரு எர்ரர் இருக்கும், அதைப் பாத்து பயந்துடாதீங்க. அது காரணம் இல்ல, மறுபடி ஆன் ஆனப்புறம் விண்டோஸ் "போன தடவை ஒழுங்கா ஷட்டவுன் ஆகல"ன்னு எழுதி வைக்கற குறிப்பு, அவ்ளோதான்.

முதல் சந்தேகம் சூடு. இப்போ வர்ற சிபியுக்கள் நிறைய 100 டிகிரி செல்சியஸ் கிட்ட போனா முதல்ல தன் வேகத்தை தானே குறைச்சுக்கும், அதுக்கும் அடங்காம ஏறினா மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் போகும், அது விண்டோஸை கேக்காமலே கரண்டை நிறுத்திடும். அதனால ஆஃப் ஆகறதுக்கு முன்னாடி ஃபேன் கத்துச்சா, எல்லாம் இழுத்து இழுத்து ஓடுச்சான்னு யோசிங்க. உடனே ஆன் பண்ணா இன்னும் சீக்கிரம் அணையுது, ஆற விட்டா ரொம்ப நேரம் ஓடுதுன்னா சூடுதான். பயாஸ்க்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங்ஸ் ஸ்கிரீன்) போய் சும்மா வச்சிருந்து டெம்பரேச்சர் பாருங்க, அங்கயே ஏறிட்டே போனா சிபியு மேல சூட்டை இழுக்கற உலோகத் துண்டான ஹீட்சிங்க் சரியா உக்காரல, இல்ல ரெண்டுக்கும் நடுவுல தடவற பேஸ்ட் காஞ்சிருக்கு, இல்ல ஃபேனே சுத்தல.

சூடு இல்லன்னா எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏத்த வோல்டேஜா மாத்தித் தர்ற பவர் சப்ளை டப்பா. இதைத்தான் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். ஆன் பண்ணதும் எஸ்எம்பிஎஸ் தன்னோட வோல்டேஜ் எல்லாம் சரியா நிக்குதான்னு பாத்துட்டு, 100லேர்ந்து 500 மில்லி செகண்டுக்குள்ள "பவர் குட்"னு ஒரு 5 வோல்ட் சிக்னலை மதர்போர்டுக்கு அனுப்பும், அது வர்ற வரைக்கும் சிபியு வேலையையே ஆரம்பிக்காது. ஓடும்போது அந்த சிக்னல் ஒரு கணம் விழுந்தாலும் கதை முடிஞ்சுது. 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவுல நிக்கணும், ஆனா கிராபிக்ஸ் கார்டு சில மில்லி செகண்டுக்கு மட்டும் தன் வழக்கமான அளவை விட ரொம்ப அதிகமா கரண்டை இழுக்கும், அந்த நேரத்துல தாங்கிப் பிடிக்கறது எஸ்எம்பிஎஸ் உள்ள கரண்டை சேமிச்சு வைக்கற கெப்பாசிட்டர்கள்தான். வருஷக்கணக்கா சூட்டுல இருந்து அதுக்குள்ள இருக்கற திரவம் காஞ்சுபோனா தாங்கற சக்தி போயிடும், அதனாலதான் பிரவுசர்ல நாள் முழுக்க நல்லா ஓடற மெஷின் கேம் திறந்ததும் சாகுது. மல்டிமீட்டர் வச்சு பாத்தா 12 அழகா காட்டும், ஏன்னா அவ்ளோ குட்டி சரிவு அதுல தெரியாது. வேற நல்ல எஸ்எம்பிஎஸ் ஒண்ணை மாட்டிப் பாக்கறதுதான் நம்பகமான டெஸ்ட்.

இன்னொரு நல்ல தடயம் இருக்கு. ஆஃப் ஆனப்புறம் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் வரல, ஒயரை புடுங்கி கொஞ்ச நேரம் கழிச்சு மாட்டினா வருதுன்னா எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கிட்டு இருந்திருக்கு, அதாவது ஓவர்லோடோ ஷார்ட்டோ நடந்திருக்கு. என்ன ஆர்வம் இருந்தாலும் அந்த டப்பாவை மட்டும் திறக்காதீங்க, ஒயரை புடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம்.

மெயின் கரண்ட் கட்டாகி யுபிஎஸ்க்கு மாறும்போது மட்டும் அணையுதா? மாறுற அந்த சில மில்லி செகண்ட் இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்புல ஓட்டணும், நல்ல நிலையில இருக்கறது 16 மில்லி செகண்ட் வரைக்கும் ஓட்டிடும், பழசு ஓட்டாது. யுபிஎஸ் பேட்டரியையும் பாத்துடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தா பவர் பட்டன். 4 செகண்ட் அமுங்கியே இருந்தா மெஷின் அணையற மாதிரிதான் வடிவமைப்பு, அதனால உள்ளயே சிக்கிக்கற பட்டன் ரொம்ப அலைய வைக்கும். கேபினட் பட்டன்லேர்ந்து மதர்போர்டுக்கு வர்ற ரெண்டு பின் ஒயரை கழட்டிட்டு, அந்த ரெண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவரால ஒரு கணம் தொட்டு ஆன் பண்ணி அப்படியே ஓட விடுங்க, அணையவே இல்லன்னா மாத்த வேண்டியது அந்த பட்டன் மட்டும்தான்.