ரெண்டரை நூல் போல்ட்டும் எட்டு எம்.எம். நட்டும்

நேற்று எங்கள் நட்டு போல்ட் கடையைச் சாத்தும் நேரத்தில் ஒரு தம்பி வந்தார். பழைய மோட்டாரை வைத்து வீட்டிலேயே பானை வனையும் சக்கரம் செய்திருக்கிறார். ஓடும்போது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னப் புல்லி கழன்று சுவரில் போய் அடித்திருக்கிறது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் இல்லை. பையிலிருந்து போல்ட்டையும் நட்டையும் எடுத்துக் கொடுத்தார். போல்ட் ரெண்டரை நூல், நட் எட்டு எம்.எம். இப்படி ஜோடி மாறி வருவது இந்த மாதத்தில் இது நாலாவது.

"ஏறுச்சே அண்ணா" என்றார்.

எஸ்.பி. ரோட்டில் கவுன்டருக்குப் பின்னால் நின்று நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். ஏறத்தான் செய்யும்! ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. ரெண்டரை நூல் என்றால் 5/16 இஞ்ச், அதாவது 7.94 மி.மீ. எட்டுக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. புல்லிக்குள் இருந்த 608 நம்பர் பேரிங்கின் துளையும் 8 மி.மீ. என்பதால் அதிலும் போல்ட் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். மரைதான், அதாவது போல்ட்டில் சுற்றிச் சுற்றிப் போகும் வரிதான், வேறு. எட்டு எம்.எம். சாதா போல்ட்டில் மரைக்கு மரை 1.25 மி.மீ. ரெண்டரை நூலில் இஞ்சுக்கு 18 மரை, கணக்குப் போட்டால் 1.41. முதல் ரெண்டு சுற்று சுலபமாகப் போகும், அப்புறம் இறுகும். "நல்லா டைட்டா இருக்கு" என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்துவார்கள். அது டைட் இல்லை சாமி, மரை நசுங்குகிறது. நட்டில் இருக்கும் அஞ்சு மரையும் தாங்க வேண்டிய பாரத்தை ஒன்றிரண்டு மரை தாங்கிக்கொண்டு நிற்கும். மோட்டார் அதிர்வில் அது எத்தனை நாளைக்கு?

சரியான நட் கடைசி வரை விரலாலேயே போக வேண்டும். நைலாக் நட் மட்டும் விலக்கு, அதன் நைலான் வளையம் இறுக்கும். முதலில் சாதா நட்டில் பாருங்கள். சந்தேகமா? உங்கள் போல்ட்டையும், அந்த நட்டுக்குச் சேரும் போல்ட் ஒன்றையும் மரையோடு மரை கோத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் ஜோடி இல்லை.

அப்புறம், பாகத்தைக் கொண்டு வராமல் அனுப்பும் இந்த வாட்ஸப் போட்டோ. அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் ஒரு ரூபாய் வேறு வைக்கிறார்கள். எந்த ரூபாய்? பழசு 25 மி.மீ., 2011-இல் வந்தது 22, 2019-இல் வந்தது 20. போட்டோவை வைத்து நான் ஜோசியமா பார்க்க முடியும்? பேரிங் என்றால் கிரீஸைத் துணியால் துடையுங்கள், பக்கவாட்டில் நம்பர் இருக்கும். அது போதும்.

ஒரே ஒரு போல்ட்டுக்காகப் போவதா என்று கூச்சப்படாதீர்கள். பழைய பாகத்தையும், அது போய் உட்காரும் பாகத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். "செட் ஆகும், எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பும் கடைக்காரர்கள் எங்களிலும் உண்டு. கவுன்டரிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

தம்பிக்கு எம் 8, அதாவது எட்டு எம்.எம். போல்ட்டும் நைலாக் நட்டும் கொடுத்தேன். புல்லியையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். சுவரில் அடித்த அந்தப் பேரிங் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.