துத்தெய்ஷி: ‘இவ்விடத்தார்’ என்னும் சொல்

பெலருஸ் நாட்டின் தென்மேற்கில், பின்ஸ்க் நகரை அடுத்த சதுப்பு நிலத்தில் மோத்தல் என்னும் சிற்றூர் உள்ளது. இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் ஹைம் வைஸ்மன் 1874இல் பிறந்தது அங்கேதான். லித்துவேனியப் பெருங்கோமகன்களின் ஆட்சியிலிருந்த அவ்வூர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ருஷ்யப் பேரரசுக்கும், முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படைக்கும், 1921இன் ரீகா உடன்படிக்கையால் போலந்துக்கும், 1939 செப்டம்பரில் சோவியத்துக்கும் கைமாறியது. 1941இல் மீண்டும் ஜெர்மானியர் வந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் நாஜிகளின் எஸ்.எஸ். குதிரைப்படை ஊரின் யூதர்களைக் கொன்றது. 1944இல் சோவியத் ஆட்சி திரும்பியது. 1991 முதல் பெலருஸ் தனிநாடு.

இத்தகைய ஊர்களில் “நீங்கள் யார்?” என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த விடைதான் ‘துத்தெய்ஷி’. பெலருஸ் மொழியில் ‘துத்’ என்றால் ‘இங்கே’. அதனோடு பெயரடை விகுதி சேர்ந்து ‘இங்குள்ளவர்’ என்றாயிற்று. 1931இல் போலந்து எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், மோத்தல் அடங்கிய பொலேசிய மாகாணத்தின் சுமார் 11.3 லட்சம் பேரில் ஏறக்குறைய 7,07,000 பேரின் தாய்மொழி ‘இவ்விடத்து மொழி’ என்றே பதிவாயிற்று. பெலருஸ் மொழியினர், உக்ரைனியர் ஆகியோரின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட அத்தலைப்பு அரசுக்கு வசதியாக இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

பெலருஸ் கவிஞர் யாங்க்கா குப்பாலா 1922இல் எழுதிய நாடகத்துக்கு இச்சொல்லின் பன்மையையே தலைப்பாக்கினார். 1918 முதல் 1920 வரை மின்ஸ்க் நகரில் ஆட்சி மாறும்போதெல்லாம் தன் பெயரின் விகுதியையும் மாற்றிக்கொள்ளும் எழுத்தர் ஒருவன் அதன் நாயகன். கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் இரு அறிஞர்கள் இம்மக்களைக் குறிப்பேட்டில் பதிந்து தத்தம் இனத்தில் சேர்க்கப் பார்க்கின்றனர். அதுதான் நாடகத்தின் கூர்மையான நையாண்டி.

தமிழில் இதற்கு ‘மண்ணின் மைந்தர்’ பொருந்தாது. அதில் உரிமைக் குரல் ஒலிக்கிறது. துத்தெய்ஷியிலோ கேட்டவரைத் தட்டிக்கழிக்கும் தயக்கமே மிகுதி. ‘பூர்வகுடி’ பழைமையைச் சுட்டும். ‘உள்ளூரார்’ நெருங்கி வந்தாலும், அதில் சுட்டு இல்லை. ‘துத்’ என்பது நம் ‘இ’யைப் போன்ற அண்மைச் சுட்டு, பேசுபவர் நிற்கும் இடத்தைவிட்டுப் பிரித்தால் அதற்குப் பொருளில்லை. “நாங்க இந்தப் பக்கத்து ஆளுங்க” என்று நம்மவர் சொல்வதும் அதுவே. ஆகவே ‘இவ்விடத்தார்’ என்பதே சரியான நிகர்ச்சொல்.

ஒரு நுட்பம் மட்டும் உண்டு. அச்சொல் வார்சாவில் அச்சான மக்கள்தொகைக் கணக்கின் அட்டவணையில் ஏறிய கணத்திலேயே, சொல்பவர் அவ்விடத்தில் இல்லாததால், தமிழ் இலக்கணப்படி அது ‘அவ்விடத்தார்’ ஆகிவிடுகிறது. எனவே, அக்கணக்கைப் பற்றி எழுதும்போது ‘துத்தெய்ஷி’ என்றே ஒலிபெயர்த்துவிட்டு, ஊராரின் வாய்மொழிக்கும் குப்பாலாவின் தலைப்புக்கும் மட்டும் ‘இவ்விடத்தார்’ என்று எழுதலாம்.