காட்டு மிளகாய் விதை ஏன் உடனே முளைப்பதில்லை?

சாதாரண மிளகாய் விதையை ஈர மண்ணில் போட்டால் ஏழெட்டு நாளில், மிஞ்சினால் பத்து நாளில் முளை தலைகாட்டிவிடும். அதே மண்ணில், அதே ஈரத்தில் காட்டு மிளகாய் விதையைப் போட்டுப் பாருங்கள். மூன்று வாரம் போகும், ஒரு மாதம் போகும், ஒன்றும் நடக்காது. சில வகைகள் இரண்டு மூன்று மாதம்கூட எடுத்துக்கொள்ளும். விதை செத்துவிட்டது என்று முடிவுகட்டித் தொட்டியைக் கவிழ்ப்பவர்கள்தான் அதிகம். கவிழ்த்த மண்ணைக் கிளறி ஒரு விதையை எடுத்து விரல் நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுகிய விதை குழைந்து உள்ளிருப்பது பிதுங்கிவிடும். உறங்கும் விதை உறுதியாக நிற்கும். அதற்கு உயிர் இருக்கிறது. எழுந்திருக்கச் சொல்லும் அறிகுறிகள் இன்னும் வந்துசேரவில்லை, அவ்வளவுதான். அந்த அறிகுறிகள் எவை என்று தெரிந்தால் வீட்டிலேயே அவற்றைக் கொடுத்துவிடலாம்.

மிளகாய்ப் பேரினத்துக்குத் தாவரவியலில் கேப்சிகம் என்று பெயர். அதில் 40-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மனிதர்கள் பயிராக்கியவை அவற்றில் ஐந்தே ஐந்து. மற்றவை இன்றும் அமெரிக்கக் கண்டங்களின் காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் தன்போக்கில் வளர்கின்றன. வீட்டில் வளர்ப்போர் முதலில் தேடுவது சில்டெபின் என்ற வகை. பட்டாணி அளவே இருக்கும் இதன் காய் கடுமையாகக் காரும். குடைமிளகாய் முதல் வற்றல் மிளகாய் வரை பலவும் அடங்கிய கேப்சிகம் ஆனம் இனத்தின் காட்டு வடிவம் இது. பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா பகுதிகளில் வளரும் சாக்கோயென்சி, ஊதாப் பூ பூக்கும் எக்ஸிமியம், மணி வடிவப் பூ கொண்ட கார்டெனாசியை, இலையெல்லாம் மென்மயிர் போர்த்திய காலபகோஸ் தீவு மிளகாய், மஞ்சள் பூவும் காரமே இல்லாத காயும் கொண்ட ராம்பாய்டியம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அழகு.

இவற்றுக்கும் பயிர் மிளகாய்க்கும் உள்ள பெரிய வேறுபாட்டைக் காயைப் பார்த்தே சொல்லிவிடலாம். காட்டு மிளகாய் பெரும்பாலும் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். பழுத்துச் சிவந்ததும் லேசாக இழுத்தாலே காம்பை விட்டுக் கழன்றுவிடும். பயிர் மிளகாயோ பெரும்பாலும் இலைகளுக்கு அடியில் தொங்கும், பறித்தால்தான் வரும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் மனிதர்கள் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே மிளகாயைப் பயிரிட்டு உண்டதற்கு, பழைய பாத்திரங்களிலும் அரைக்கும் கற்களிலும் ஒட்டியிருந்த மாவுத்துகள்களே சான்று. அன்றிலிருந்து உழவர் விதைத்ததில் எது சீக்கிரம் முளைத்ததோ அதுதான் காய்த்தது, அதன் விதைதான் அடுத்த பருவத்துக்குப் போனது. தூங்கிக்கொண்டிருந்த விதைகள் மண்ணோடு தங்கிவிட்டன. யாரும் திட்டமிடாமலே, தலைமுறை தலைமுறையாக விதை உறக்கம் கழிந்துபோனது.

காட்டில் அந்த உறக்கம் உயிர்காக்கும் ஏற்பாடு. வறண்ட நிலத்தில் முதல் மழை பெய்ததும் எல்லா விதையும் முளைத்துவிட்டு, அடுத்த மழை இரண்டு மாதம் கழித்து வந்தால் ஒரு நாற்றுகூட மிஞ்சாது. ஒரே காயில் இருந்த விதைகளே வெவ்வேறு காலத்தில் முளைத்தால் சிலவாவது தப்பும். ஒரே தட்டில் விதைத்த பத்து விதைகளில் ஒன்று இருபதாம் நாளும் இன்னொன்று அறுபதாம் நாளும் முளைப்பதற்கு இதுதான் காரணம்.

விதைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மிளகாய் விதையைக் கூர்மையான பிளேடால் தட்டையாகப் பிளந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், வெள்ளையான கரு சுருண்டு படுத்திருப்பது தெரியும். அதைச் சுற்றிலும் கருவூண் என்ற உணவுத் திசு. முளைவேரின் நுனிக்கு நேர் எதிரேயும் இந்தத் திசு அடைத்துக்கொண்டு நிற்கிறது. வேர் வெளியே வரவேண்டுமானால் அந்த அடைப்பு முதலில் இளகவேண்டும். இளக்கும் வேலையைச் செய்வது மன்னனேஸ் என்ற நொதி. செல்சுவர்களில் இருக்கும் மன்னன் என்ற சர்க்கரைச் சங்கிலிகளை அது அறுக்கிறது. அந்த நொதியைச் சுரக்கச் சொல்வது ஜிப்ரலின் என்ற ஹார்மோன், வேண்டாம் என்று தடுப்பது அப்சிசிக் அமிலம். இந்த இரண்டில் எதன் கை ஓங்குகிறது என்பதைப் பொறுத்தே விதை விழிக்கும், அல்லது தூங்கும். வெப்பமும் இதில் சேர்த்தி. 25 டிகிரி செல்சியஸில் சீராக இளகும் திசு, 15 டிகிரியில் ஏறக்குறைய அப்படியே இறுகிக் கிடக்கும்.

இந்தச் செடிகளின் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்ப்பது பறவைகளோடு அவற்றுக்கு இருக்கும் உறவு. மிளகாயின் காரத்துக்குக் காரணமான காப்சைசின் விதையில் உருவாவதில்லை; விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்மையான சூலொட்டுத் திசுவில் உருவாகி விதைமேல் படிகிறது. பாலூட்டிகளின் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி இருக்கிறது. 1997-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு அடையாளம் கண்ட இந்த ஏற்பி, சூட்டையும் காப்சைசினையும் ஒன்றுபோலவே உணர்கிறது. அந்த வழியில் நடந்த ஆய்வுகளுக்காக ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசும் கிடைத்தது. பறவைகளுக்கும் இதே ஏற்பி உண்டு, சூடும் உறைக்கும். காப்சைசின் மட்டும் உறைக்காது.

இதனால் செடிக்கு என்ன லாபம்? 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் டியூக்ஸ்பரி, நாப்ஹான் என்ற இருவரும் காரமில்லாத மிளகாயை எலிகளுக்கும், த்ராஷர் என்ற பறவைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். எலியிடம் அரைபட்டு வந்த விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. பறவையின் எச்சத்தில் வந்தவை வழக்கம்போல் முளைத்தன. விதையைக் கடித்து நொறுக்கும் விலங்கைக் காரம் விரட்டுகிறது, முழுதாக விழுங்கும் பறவையை விட்டுவைக்கிறது. அந்தப் பறவையும் எங்கே எச்சமிடும்? உட்காரும் புதர்க்கிளைக்கு அடியில், அதாவது வெயில் சுடாத நிழலில்.

பொலிவியாவில் சாக்கோயென்சி இனத்தில் நடந்த ஆய்வுகள் இன்னும் ஆழமாகப் போயின. அங்கே காரமான செடியும் காரமில்லாத செடியும் ஒரே காட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. காயைத் துளைத்து உறிஞ்சும் பூச்சிகள் போடும் ஓட்டை வழியாக ஃபியூசேரியம் என்ற பூஞ்சை நுழைந்து விதைகளைக் கெடுக்கிறது. பூச்சித்தாக்குதல் கூடுதலாக இருக்கும் இடங்களில் காரமான செடிகளும் கூடுதல் என்று 2008-இல் தெரியவந்தது. காப்சைசின் அந்தப் பூஞ்சையின் வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது. பிறகு 2013-இல் வந்த ஆய்வு, எலேனியா என்ற சிறு பறவையின் குடல் வழியாகப் போய்வந்த விதைகள் மண்ணில் பிழைத்திருப்பது 370 சதவீதம் கூடுகிறது என்று காட்டியது. குடல் அமிலம் விதை உறையைத் தேய்த்து மெலிதாக்குவதால்தான் பறவை உதவுகிறது என்று பலரும் சொல்வதுண்டு. இந்த ஆய்வு கண்ட காரணங்கள் வேறு: விதைமேலிருந்த பூஞ்சை குறைந்தது, எறும்புகளை இழுக்கும் வாசனையும் போய்விட்டது.

வீட்டில் வளர்ப்பவருக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. விதையை உப்புத்தாளில் தேய்ப்பதைவிடச் சுத்தம் செய்வதுதான் முக்கியம் என்பேன். கையுறை போட்டுக்கொண்டு, நன்றாகப் பழுத்த காயிலிருந்து விதையை எடுத்து, ஒட்டியிருக்கும் சதை முழுவதும் போகும்வரை ஓடும் நீரில் கசக்கிக் கழுவுங்கள். வீட்டு பிளீச் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, அதில் ஐந்து முதல் பத்து நிமிடம் போட்டுவைத்து, வாசனை போகும்வரை அலசிவிடுங்கள். மாதக்கணக்கில் ஈர மண்ணில் கிடக்கப்போகும் விதை இது. மேலே ஒட்டிய பூஞ்சைக்கு அவ்வளவு நாளும் விருந்து. இன்னொன்று, அன்று பறித்த காயின் விதையை அன்றே விதைக்காதீர்கள். நிழலில் காயவைத்துச் சில வாரம் உலர்வாக வைத்திருந்தால் உறக்கத்தில் ஒரு பகுதி தானாகவே கழியும்.

அடுத்தது ஊறவைத்தல். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து, அதில் ஒரு நாள் ஊறவிடலாம். விதைப் பரிசோதனைக் கூடங்களிலேயே மிளகாய் விதையின் உறக்கத்தைக் கலைக்க இதே 0.2 சதவீதக் கரைசலைத்தான் பயன்படுத்துகிறார்கள். மண்ணில் நைட்ரேட் இருப்பது முளைக்க உகந்த காலம் வந்ததற்கான அடையாளமாகப் பல விதைகளுக்குப் படுகிறது. அதற்கும் அசையாத வகைகளுக்கு ஜிப்ரலிக் அமிலம் இருக்கிறது: லிட்டருக்கு அரை கிராம், ஒரு நாள். தூளாக வரும் இது தண்ணீரில் எளிதில் கரையாது. முதலில் சில சொட்டு ஆல்கஹாலில் கரைத்துக்கொண்டு பிறகு தண்ணீர் சேர்க்கவேண்டும். விதைக்குள் குறைவாக இருக்கும் ஹார்மோனை நாமே வெளியிலிருந்து கொடுக்கிறோம். அளவு மிஞ்சினால் நாற்று வெளிறி, நூல்போல நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். அதனால் இதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்வதே நல்லது.

பிறகு சூடு. பகலில் 30 டிகிரி, இரவில் 20 டிகிரி என்று ஏறி இறங்குவது, ஒரே வெப்பத்தில் வைப்பதைவிடப் பல காட்டு வகைகளுக்குப் பிடிக்கிறது. மட்கிய தென்னைநார்க் கழிவையும் பெர்லைட் என்ற எடை குறைந்த வெண்கல் துகள்களையும் கலந்து குழித்தட்டில் நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, மேலே மூடி போட்டுவிட்டால் ஈரம் நிற்கும். கலவையைக் கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. காட்டு மிளகாய் முளைக்காமல் போவதற்கு உறக்கத்துக்கு அடுத்த காரணம் தண்ணீர் மிகுதிதான். ஊறிய மண்ணில் காற்று புகாது, காற்றில்லாத விதை மூச்சுமுட்டி அழுகும்.

முளை வரும்போது முதலில் தெரிவது வெள்ளையாக வளைந்த ஒரு கொக்கி. அது நிமிரும்போது விதை உறையைத் தலையில் தூக்கிக்கொண்டே வருவதும் உண்டு. வித்திலைகள் அதற்குள் சிக்கிக்கொண்டு விரிய முடியாமல் தவிக்கும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் வித்திலையோடு நுனிக்குருத்தும் போய்விடும். ஒரு சொட்டுத் தண்ணீரை உறைமேல் விட்டு அரைமணி நேரம் காத்திருந்து, சிறு இடுக்கியால் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினால் கழன்றுவிடும். முளைத்த அன்றே மூடியை எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள். தட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறும்படி வையுங்கள். இல்லையென்றால் மண்ணை ஒட்டிய தண்டு கருத்து மெலிந்து நாற்று சாய்ந்துவிடும், இதுதான் நாற்றழுகல்.

பயிர் மிளகாய்க்கு முழு வெயில் வேண்டும் என்று கேட்டுப் பழகியவர்கள் காட்டு மிளகாய் நாற்றையும் வெயிலில் வைத்துக் கருகவிடுகிறார்கள். பறவை இதை எங்கே விதைத்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டுமகாகோரி மலைப்பகுதியில் காட்டு மிளகாய்க்காகவே 1999-இல் ஒரு பாதுகாப்பிடம் ஒதுக்கினார்கள். அங்கும் சில்டெபின் செடிகள் பெரிய புதர்கள், மரங்களின் அடியில்தான் நிற்கின்றன. அந்த மரம் கோடையில் நிழலும் குளிர்காலத்தில் பனியிலிருந்து மறைப்பும் தருகிறது. நாற்றுப் பருவத்தில் வெயிலில் பாதியை வடிகட்டும் நிழல்வலை அந்த மரத்தின் வேலையைச் செய்துவிடும். காலை வெயில் மட்டும் படும் இடமும் போதும்.

முதல் ஆண்டு வளர்ச்சி மெதுவாக இருக்கும். உரத்தை அள்ளிப் போட்டு விரைவுபடுத்த முயல்வது வீண். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும், அசுவினிப் பூச்சியும் கூடவே வரும். இவை பல ஆண்டு வாழும் செடிகள், தண்டு மரம்போல முற்றும். உறைபனி படாமல் காத்தால் இரண்டாம் ஆண்டில்தான் செடி தன் முழுக் காய்ப்பைக் காட்டும்.

பூத்தும் காய்க்காத செடிக்கு இன்னொரு காரணம் இருக்கலாம். கார்டெனாசியை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வெவ்வேறு விதையிலிருந்து வந்த இரண்டு செடிகளாவது இருக்கவேண்டும். மெல்லிய தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் சூல்முடியில் தடவிவிட்டால் காய் பிடிக்கும். சில்டெபினுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் நேர் எதிரான சிக்கல் உண்டு. குடைமிளகாயும் அதே இனம் என்பதால், பக்கத்தில் இருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். இந்த ஆண்டுக் காயில் எந்த மாற்றமும் தெரியாது. அதன் விதையை விதைத்தால்தான் கலப்பு வெளிப்படும். 26 குரோமோசோம் கொண்ட ராம்பாய்டியம் போன்றவை, 24 கொண்ட பயிர் மிளகாயோடு அப்படிக் கலப்பதில்லை. விதைக்காக வளர்ப்பவர்கள் மொட்டு விரியும் முன்பே கிளைக்கு மெல்லிய வலைப்பை கட்டி, தினமும் கிளையை லேசாக ஆட்டிவிட்டு, காய் பிடித்ததும் பையைக் கழற்றி அந்தக் காம்பில் ஒரு நூல் கட்டிவைக்கவேண்டும்.

விதை எடுக்கும்போது ஒரு கவனம் தேவை. பத்தாம் நாளே முளைத்த செடியிலிருந்து மட்டும் விதை சேர்த்துக்கொண்டே போனால், பழைய உழவர்கள் அறியாமல் செய்ததை நாமும் செய்துவிடுவோம். சில தலைமுறையில் தொட்டியில் நிற்பது பாதி பயிர் மிளகாயாக இருக்கும். கடைசியாக முளைத்த நாற்றையும் வளர்த்துக் காய்க்கவிடுங்கள். அதன் விதையை நன்கு உலர்த்தி, இனத்தின் பெயரையும் முளைக்க எடுத்த நாட்களையும் உறைமேல் எழுதி, ஈரம் புகாத புட்டியில் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் ஐந்து ஆண்டுகள்வரைகூட முளைப்புத்திறன் தாங்கும்.