ஃபேர் டிரேடு: யாருக்கு நியாயம்?

லண்டனிலோ டொராண்டோவிலோ பிள்ளைகளுக்குச் சாக்லேட் வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் அந்தச் சின்னத்தைப் பார்த்திருக்கும். கறுப்புக் கட்டத்துக்குள் நீலமும் பச்சையும், கையை உயர்த்திய ஓர் உருவம், அடியில் ‘ஃபேர்டிரேடு’ என்ற சொல். ‘இது நல்ல சாக்லேட்டா அம்மா?’ என்று பிள்ளை கேட்டால் சரியான பதில் சொல்வதற்கு இந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

விளைவிப்பவருக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுத்து வாங்குவதே ஃபேர் டிரேடு. உலகச் சந்தையில் விலை எவ்வளவு சரிந்தாலும் குறிப்பிட்ட ஓர் அடிவிலைக்குக் கீழே கொள்முதல் செய்யக்கூடாது. அதற்கு மேல், விவசாயிகளின் சங்கத்துக்குத் தனியாக ஓர் ஊக்கத்தொகையும் தர வேண்டும். 2019 அக்டோபரில் கொக்கோவுக்கு டன் ஒன்றுக்கு 2,400 டாலர் அடிவிலை, 240 டாலர் ஊக்கத்தொகை என்று வகுத்தார்கள். அடிவிலை என்பது கப்பலில் ஏற்றும் இடத்து விலை. இடைச்செலவெல்லாம் போக மிஞ்சுவதுதான் விவசாயியின் கைக்கு வரும்.

இந்தச் சொல் தொடக்கத்தில் ஏழை விவசாயியின் பக்கம் நிற்கவில்லை. 1881இல் பிரிட்டனில் இதே பெயரில் தொடங்கிய ஒரு சங்கம், அயல்நாட்டுச் சரக்குக்குச் சுங்கவரி போட வேண்டும் என்று கேட்டது. 1930களில் அமெரிக்க மாநிலங்கள் கொண்டுவந்த ‘ஃபேர் டிரேடு’ சட்டங்கள், உற்பத்தியாளர் குறித்த விலைக்குக் குறைத்துக் கடைக்காரர் விற்பதைத் தடுத்தன. இன்றைய பொருளில் முத்திரையாக வந்தது 1988இல், நெதர்லாந்தில், மெக்சிகோ விவசாயிகளின் காபியோடு. டச்சு ஆட்சியில் ஜாவா மக்கள் பட்ட பாட்டைச் சொல்லும் 1860ஆம் ஆண்டு நாவலின் நாயகனான மாக்ஸ் ஹாவலாரின் பெயரையே அந்த முத்திரைக்கு வைத்தார்கள். பிரிட்டனில் 1994இல் இவ்வகை முத்திரை பெற்ற முதல் பொருள், பெலீஸ் நாட்டுக் கொக்கோவில் செய்த சாக்லேட்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘அறவணிகம்’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் புறநானூற்றின் 134ஆம் பாட்டில் வரும் ‘அறவிலை வணிகன்’, மறுமைப் பயனைக் கணக்கிட்டு அறம் செய்பவன். வள்ளல் ஆய் அப்படிப்பட்டவன் அல்லன் என்று பாடுகிறார் புலவர் முடமோசியார். அந்த வாடை இங்கே வேண்டாம். ‘நடுவுநிலை வணிகம்’ என்றால் இன்றைய வாசகர் எந்தப் பக்கமும் சாயாதது என்றே புரிந்துகொள்வார். ‘நியாய வணிகம்’ என்பதே என் தேர்வு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நியாய விலைக் கடை தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு தெரிந்த பெயர். அங்கே நியாயம் வாங்குபவருக்கு, அதாவது விலை குறைவு. இங்கே நியாயம் விளைவிப்பவருக்கு, அதனால் விலை கூடலாம். இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்த அடிகளில் வைத்துப் பேசியது பட்டினப்பாலைதான். ‘கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது’ என்று புகார் வணிகரை அது போற்றுகிறது. எழுதும்போது ‘விளைவிப்போருக்கான நியாய வணிகம்’ என்று முதல் தடவை விரித்துச் சொல்லிவிட்டால் குழப்பம் வராது. முத்திரையைக் குறிக்கும்போது மட்டும் ‘ஃபேர்டிரேடு முத்திரை’ என்றே எழுத வேண்டும். அது ஓர் அமைப்பின் பெயர்.

இனி, இந்தச் சொல் உறுதி சொல்லாதவை. ஐவரி கோஸ்டும் கானாவும் சேர்ந்து உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவிக்கின்றன. அங்கே தோட்டங்களில் குழந்தைகள் வெட்டுக்கத்தியால் காயைப் பிளக்கிறார்கள், தாங்க முடியாத பாரம் சுமக்கிறார்கள், மருந்து தெளிக்கும் இடத்தில் நிற்கிறார்கள். குழந்தை உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களை 2005க்குள் ஒழிப்பதாக 2001இல் சாக்லேட் நிறுவனங்கள் கையெழுத்திட்டன. கெடு தள்ளித் தள்ளிப் போனது. இரு நாடுகளின் கொக்கோ வேலையில் சுமார் 15.6 லட்சம் குழந்தைத் தொழிலாளர்கள் இருப்பதாக 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. கூலிக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாத விலைதான் இதற்குப் பெரிய காரணம். முத்திரை குழந்தை உழைப்பைத் தடை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு நாளும் யாரும் நின்று பார்ப்பதில்லை.

இன்னொன்று, முத்திரைக்குப் பக்கத்தில் சிறிய அம்புக்குறி இருந்தால் உறையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். பல சமயம் அங்கே ‘மாஸ் பேலன்ஸ்’ என்று இருக்கும். தமிழில் ‘அளவு ஈடு’ எனலாம். நியாய விலை கொடுத்து வாங்கிய கொக்கோவும் மற்றதும் ஆலையில் கலந்துவிடுகின்றன. எத்தனை டன் வாங்கினார்களோ அத்தனை டன்னுக்கு ஈடான சாக்லேட்டில் முத்திரை போடுகிறார்கள். உங்கள் கையில் இருக்கும் துண்டில் அந்த விவசாயியின் கொட்டை ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். இது ஏமாற்று அல்ல. அவருக்குச் சேர வேண்டிய பணம் சேர்ந்துவிடுகிறது. பிள்ளையிடமும் அதைத்தான் சொல்ல வேண்டும்: ‘இதை விளைவித்தவருக்கு’ என்று அல்ல, ‘இதை வாங்கியதால் ஒரு விவசாயிக்கு நியாய விலை கிடைத்தது’ என்று.

அடிவிலைகூட ஒரு குடும்பம் நன்றாக வாழப் போதுமான வருமானத்துக்கு உத்தரவாதம் அல்ல. அப்படியிருந்தும் முத்திரை உள்ளதை வாங்குவதே மேல் என்று நினைக்கிறேன், வாரம் மூன்று வாங்கும் வீடு ஒன்றாகக் குறைத்துக்கொண்டாவது. தமிழ்நாட்டுக் கடைகளில் இந்த முத்திரை அரிது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது. உள்ளூர்க் கொட்டையில் சாக்லேட் செய்யும் சிறு தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். சிலர் எந்த ஊர்க் கொக்கோ என்பதை உறையிலேயே அச்சிடுகிறார்கள். அவர்களிடம் முத்திரை இருக்காது. விவசாயிக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று நேரே கேட்டு வாங்கலாம்.