கையெழுத்துக் கேட்பது சொந்தப் பிள்ளையாக இருந்தாலும்

ஓடிபி கேட்டு வரும் அழைப்பு, லொத்தர் விழுந்ததாக வரும் மெசேஜ் பற்றியெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனால் திருகோணமலையில் சட்டத்தரணியாக நான் பார்க்கும் பண விவகாரங்களில் மிகவும் நொந்துபோய் வருகிறவர்கள் வேறு. அவர்களுடைய காசை எடுத்தவர் மகனாகவோ கணவனாகவோ அக்காவின் பிள்ளையாகவோ இருப்பார். பொலிசுக்குப் போக மனம் வராது. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் வெட்கம் என்று வருடக்கணக்கில் மூடிவைத்திருப்பார்கள்.

உப்புவெளிப் பக்கத்து அம்மா ஒருவர், கணவரை இழந்து ஓய்வூதியத்தில் வாழ்பவர். (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) "அம்மா, லோன் எடுக்கிறதுக்குத்தான், இதிலை ஒரு கையெழுத்துப் போடுங்கோ" என்று மகன் கேட்டார். பிள்ளைதானே என்று போட்டுக்கொடுத்தார். அது வீட்டை மகனுக்கு விற்றதாக எழுதிய உறுதிப் பத்திரம் என்பது, வீடு பார்க்க வெளியாட்கள் வந்த அன்றுதான் தெரிந்தது.

நன்கொடை உறுதியாக இருந்திருந்தால் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கொடுத்தவருக்குப் பிள்ளை பெரும் நன்றிகெட்டதனம் செய்தால், மீளப்பெற முடியாத நன்கொடையையும் ரத்துச் செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். விற்றதாக எழுதிவிட்டால் அந்த வழி இல்லை. ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்று நிரூபிக்க வேண்டும், அது நீண்ட வழக்கு.

ஆகவே வீட்டை எழுதிக்கொடுப்பதாக இருந்தால், சாகும்வரை அதை அனுபவிக்கும் சீவிய உரித்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதுங்கள். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் "வாசித்து விளங்கப்படுத்துங்கோ" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மகன் கூட்டிவந்த நொத்தாரிசாக இருந்தால், கையெழுத்துக்கு முன் வேறொரு சட்டத்தரணியிடமும் காட்டுங்கள். உங்கள் காணிமீது ஏதாவது பதிய வந்தால் அறிவிக்கும்படி காணிப் பதிவகத்தில் கேவியட் பதிந்துவைக்கவும் முடியும். நிலாவெளிப் பக்கம் காணி விலை ஏறினால் பாசமும் ஏறும் என்பார் எங்கள் கிளார்க்.

அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுத்தில் அதிகாரம், கொடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஊரில் உள்ள தம்பிக்குப் பொது அற்றோணித் தத்துவத்தைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் என்றால் விசேட அற்றோணித் தத்துவமே போதும். வேலை முடிந்ததும் எழுத்தில் ரத்துச் செய்து, அந்த ரத்தையும் பதிந்து, வங்கிக்கும் அறிவியுங்கள்.

மூதூர், கிண்ணியா, தம்பலகாமத்துப் பெண்களிடம் கேட்கும் கதை வேறு மாதிரி. குவைத்தில் உழைத்து அனுப்பிய காசுக்குக் கணக்கு இல்லை, நகை அடகில், அடகுச் சீட்டு கணவரின் பையில். மனைவி பெயரில் குழுக்கடன் எடுத்துக் கணவர் செலவழிப்பார், கிழமை தவறாமல் கடன் அறவிட வாசலுக்கு வருபவர் மனைவியைத்தான் கேட்பார். வெளிநாடு போகும் தங்கச்சிமாருக்கு நான் சொல்வது: உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு வையுங்கள், வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அனுப்புங்கள், ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் ஒரே ஆளிடம் விட்டுப்போகாதீர்கள். யாருக்காவது பிணை நின்றீர்களா, உங்கள் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று தெரியவில்லையா? கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்திடமிருந்து உங்கள் அறிக்கையை நீங்களே எடுக்கலாம்.

அடித்தால்தான் வீட்டு வன்முறை என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குள் மிரட்டிக் காசு பறிப்பதும் உளரீதியான கொடுமையும் வரும். பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். தம்மைப் பராமரிக்க இயலாத முதிய பெற்றோர், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தர் வழி சொல்வார். பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கம் இருக்கிறது.

சொந்தத்தில் ஒருவருக்கு இது நடக்கிறது என்று சந்தேகமா? "அவன் உங்களை ஏமாத்துறான்" என்று தொடங்கினால் அந்த அம்மா மகன் பக்கம் நின்றுவிடுவார். அவர் தனியாக இருக்கும் நேரம் போய், "பாங்க் புத்தகம் இப்ப ஆரிட்டை இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். சட்டென்று பதில் வராவிட்டால், அடுத்த தடவை நீங்களே அவரை வங்கிக்குக் கூட்டிப்போங்கள்.