கண்குழி எலும்பு உடைந்தால் சிடி ஸ்கேனில் என்ன தெரியும்?

வேகமாக வந்த பந்து கண்ணில் மோதினால், அடி விழுந்த விளிம்பு உடையாமல் உள்ளே இருக்கும் எலும்பு உடைவதுண்டு. கண்குழியின் விளிம்பு கெட்டியானது. அதன் தரையும் மூக்கை ஒட்டிய சுவரும்தான் மெலிது. அந்தச் சுவருக்கு உடற்கூறியலில் 'காகிதத் தகடு' என்றே பெயர்; பல இடங்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தரைக்குக் கீழே காற்று நிரம்பிய சைனஸ் அறை இருக்கிறது. தரை உடைந்தால் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு அதற்குள் இறங்கிவிடும்.

சாதாரண எக்ஸ்ரேயில் முகத்து எலும்புகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அதிர்ஷ்டம் இருந்தால், சைனஸ் கூரையிலிருந்து கண்ணீர்த்துளி போலத் தொங்கும் கொழுப்பு தெரியும். பல முறிவுகள் தெரியாமலே போகும்.

சிடி ஸ்கேனில் எக்ஸ்ரே குழாய் தலையைச் சுற்றி வருகிறது. எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் உள்ளே நின்றுபோனது என்று கணக்கிட்டு, கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் தருகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, கொழுப்புக்குச் சுமார் −100, தசைக்கு 50 பக்கம், எலும்புக்குப் பல நூறு. காற்றும் கொழுப்பும் தசையும் எலும்பும் இப்படி நெருங்கிக் கிடக்கும் கண்குழி, சிடிக்கென்றே அமைந்த இடம் என்பேன். வலுவான காந்தத்தால் படமெடுக்கும் எம்ஆர்ஐயில் மெல்லிய எலும்பு சரியாகத் தெரியாது. கண்ணில் இரும்புத் துணுக்கு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது.

சரி, எந்தத் திசையில் பார்ப்பது? கிடைமட்டமாக வெட்டிய படங்களில் வெட்டு ஏறக்குறைய தரையோடு இணையாகப் போவதால் ஓட்டை எளிதில் கண்ணில் படாது. அதனால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய வெட்டுகளாக எடுத்து, முகத்துக்கு எதிரே நின்று பார்ப்பது போலக் கணினியில் மாற்றி அடுக்குகிறார்கள். அப்போதுதான் எவ்வளவு தரை போயிற்று என்று அளக்க முடியும்.

குழந்தைகளிடம்தான் பெரிய சிக்கல். அவர்கள் எலும்பு வளையும். அடிபட்டதும் கதவுபோலத் திறந்து, கண்ணைக் கீழே இழுக்கும் தசையைக் கவ்விக்கொண்டு மூடிவிடும். வெளியே கண் வெள்ளையாக, வீக்கமில்லாமல் இருக்கும். குழந்தை வாந்தி எடுக்கும், இதயத் துடிப்பு குறையும், மேலே பார்க்கச் சொன்னால் கண் எழாது. தலைக் காயம் என்று நினைத்துவிடுவார்கள். நெரிபட்ட தசை கெட்டுப்போகும் என்பதால், ஓரிரு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். ஆனால் ஸ்கேனில் எலும்பு கிட்டத்தட்டச் சரியாகவே தெரியலாம். விவரம் தெரிந்தவர் அங்கே விரிசலைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டிய தசை அங்கே இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்.